ஒரு இணைப்பு, ஊருக்கெல்லாம்: ஹாம் ரேடியோவும் நம் கொல்லிமலையும்



போன வாரம் நம் மாணவர் குழுவில், இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மலைப் பையன் ஒருவன் ஒரு கேள்வி போட்டிருந்தான். "ஐயா, அமெரிக்காவில் ஹாம் ரேடியோக்காரர்கள் மொட்டை மாடியில் சின்ன ஆன்டெனா வைத்து வீட்டுக்கு வீடு வலை மாதிரி பின்னி வைத்திருக்கிறார்களாம். ஒரு வீட்டில் இன்டர்நெட் இருந்தால் போதும், எல்லா வீட்டுக்கும் போகுமாம். நம்ம மலையிலும் அப்படிச் செய்ய முடியாதா?" கீழே பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். பதில்தான் யாரும் சொல்லவில்லை.

இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. ஐயாவின் வகுப்பு எப்போதும் மணி அடித்த பிறகும் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். செய்ய முடியும். ஆனால் ஹாம் உரிமத்தைக் காட்டிச் செய்ய முடியாது. ஹாம்காரர்கள் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த வித்தையைக் கற்றுக்கொண்டு, வேறு சட்டத்தின் கீழ் செய்ய வேண்டும். அந்த வித்தை நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே பல தடவை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. எங்கே நின்றது, எங்கே விழுந்தது என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஹாம்காரர்கள் யார்?

சொந்த ஆர்வத்துக்காக, அரசிடம் உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோ அலையில் பேசுகிறவர்கள் ஹாம்காரர்கள். சர்வதேச விதியே இதற்கு அழகான விளக்கம் சொல்கிறது: தானே கற்றுக்கொள்வது, ஒருவரோடு ஒருவர் பேசுவது, நுட்பத்தை ஆராய்வது ஆகிய மூன்றுக்காகவும், பண ஆதாயம் இல்லாமலும் நடத்தப்படும் சேவை. 'தானே கற்றுக்கொள்வது' என்பதை முதலில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரு வாத்தியாருக்கு இது பிடிக்காமல் போகுமா?

நம் நாட்டில் இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் தொடங்கிவைத்தார். நம் மாநிலத்துக்கும் பெருமை உண்டு. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் ஆர்வலர்களைச் சேர்த்து மாகாண வானொலிக் கழகம் ஒன்றை அமைத்தார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர்கள் ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்தான். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே, சொந்தக் காசு போட்ட சிலர் சென்னைக்குப் பாட்டும் பேச்சும் கொடுத்துவிட்டார்கள். 1927-இல் பணம் தீர்ந்து கழகம் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போயிற்று. 1930-இல் மாநகராட்சி அந்த வேலையைத் தொடர்ந்தது.

இந்த 1924-27 கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் தொடங்குவது, பராமரிக்க ஆளும் பணமும் இல்லாமல் நிற்பது, இன்னொருவர் பொறுப்பேற்றால் மீண்டும் ஓடுவது. இனி வரும் கதைகள் எல்லாவற்றிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

தீவில் பிறந்த வித்தை

கணினிகளை ரேடியோவால் இணைக்கும் வேலை எங்கே தொடங்கியது தெரியுமா? ஹவாய்த் தீவுகளில். கடலுக்கு நடுவே எரிமலைத் தீவுகள், சரியான தொலைபேசிக் கம்பி கிடையாது. ஏறக்குறைய நம் மலை மாதிரிதான். அவர்களுக்குச் சுற்றிலும் கடல், நமக்குச் சுற்றிலும் பள்ளத்தாக்கு. அங்கே நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் 1971-இல் 'அலோஹா' என்ற வலையை ஓடவைத்தார். ஒரு தீவில் பெரிய கணினி, மற்றத் தீவுகளில் இருந்தவர்கள் அதை ரேடியோ வழியாகப் பயன்படுத்தினார்கள்.

எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டுப்போகும். இதற்கு அவர் கண்ட வழி ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். வகுப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் எனக்கு ஒன்றும் கேட்காது. நான் தலையாட்டவில்லை என்றால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கணக்கில் கொஞ்சம் காத்திருந்து மறுபடி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பு, 'வந்தது' என்று பதில் வரவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. இன்று உங்கள் வீட்டு வைஃபை வேலை செய்வதும் இந்த யோசனையின் வழிவந்த முறையில்தான்.

ஹாம்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1978-இல் கனடாவின் மான்ட்ரியல் நகர ஹாம்காரர்கள் பொட்டல முறையில் ரேடியோ வழியாகத் தகவல் அனுப்பினார்கள். பிறகு இது உலகமெங்கும் பரவியது. ஒருவர் நிலையம் இன்னொருவர் பொட்டலத்தை வாங்கி அடுத்தவருக்குத் தள்ளிவிடும். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நேராக அலை போகாது. மேட்டின் மேலே இருப்பவர் நடுவில் நின்று கடத்துவார். தனக்கு வந்த செய்தி இல்லை, தனக்குக் காசும் இல்லை. இருந்தாலும் அவருடைய பெட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்.

1981-இல் ஹாங்க் மக்னஸ்கி என்ற ஹாம்காரர், இணையத்துக்கு முகவரி ஒதுக்கியவர்களிடம் ஹாம் ரேடியோவுக்கென்று ஒரு பங்கு கேட்டு வாங்கிவைத்தார். 44 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகள் அத்தனையும், ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம். அன்று அதற்கு விலை இல்லை. இணையம் பெருத்து முகவரிக்குப் பஞ்சம் வந்தபோது, 2019-இல் அதில் கால் பங்கை அமேசானுக்கு விற்றார்கள். கிடைத்தது 10 கோடி டாலருக்கும் மேல். அதை அறக்கட்டளையில் போட்டு, ரேடியோ கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்துவருகிறார்கள். யாரோ ஒருவர் பொதுவுக்கு என்று போட்டுவைத்த புறம்போக்கு நிலம் நாற்பது வருடம் கழித்து விளைந்த கதை இது.

நீலப் பெட்டியும் வலைப்பின்னலும்

அடுத்த திருப்பம் 2002 கடைசியில் வந்த ஒரு ரவுட்டர். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. நீலமும் கறுப்புமாய் இரண்டு கொம்பு வைத்த பெட்டி. உங்களில் சிலர் வீட்டில்கூட இருந்திருக்கும். அதற்குள் ஓடும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுத முடிந்தது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பகுதி ஹாம்காரர்களுக்கும் உரியது. அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்து ஹாம்காரர்கள் அந்தப் பெட்டியில் வேறு மென்பொருள் ஏற்றி, ஒரு பெட்டியை வைத்தவுடன் அது பக்கத்துப் பெட்டிகளைத் தானே கண்டுபிடித்து வழியமைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். நடுவில் ஒன்று கெட்டால் வேறு வழியாகப் போகும். இதைத்தான் 'மெஷ்', வலைப்பின்னல் என்கிறோம். நம் பையன் பார்த்தது இதன் இன்றைய வாரிசான 'ஆர்டன்' என்ற வலையாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஹாம்காரர்கள் வலை பின்னுவது முதன்மையாகப் புயல், தீ, நிலநடுக்கம் போன்ற நாட்களுக்காக. செல்போன் டவர் விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் மீட்புக் குழுவுக்கும் இடையே பேச்சும் படமும் போக வேண்டும். ஊருக்கு யூடியூப் கொடுப்பது அவர்கள் நோக்கம் இல்லை. சட்டமும் இடம் கொடுக்காது.

ஏன்? போஸ்ட் கார்டையும் ஒட்டிய கவரையும் நினைத்துப் பாருங்கள். ஹாம் அலையில் போவது போஸ்ட் கார்டு. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். பொருளை மறைத்து அனுப்பக்கூடாது. வியாபாரமும் கூடாது. இன்றைய இணையமோ கிட்டத்தட்ட முழுவதும் ஒட்டிய கவர். வங்கிக் கணக்கு, ஆதார், வாட்ஸ்அப், ஏன், சாதாரணச் செய்தித்தளம்கூடப் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. முகவரிப் பெட்டியில் அந்தச் சின்னப் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். போஸ்ட் கார்டு மட்டும் போகலாம் என்ற பாதையில் ஒட்டிய கவரை எப்படி அனுப்புவது? அதோடு, நம் நாட்டு விதிப்படி ஹாம்காரர் பிறருக்காகச் செய்தி சுமக்கப் பொதுவாக அனுமதி கிடையாது. பேரிடர்க் காலத்தில் மட்டும் இடம் உண்டு.

அந்தப் பேரிடர் இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு உதாரணம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு ஹாம் குழுவோடு அந்தமான் போயிருந்தார். அங்கிருந்து உலக ஹாம்காரர்களோடு பேசுவதற்காகப் போன பயணம் அது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி செத்த தீவிலிருந்து உயிரோடு இருப்பவர்கள் செய்தியைத் தாய்நிலத்துக்குக் கொண்டுவந்தது அந்தக் குழுவின் ரேடியோ. விளையாட்டுக்கு என்று எடுத்துப்போன பெட்டி, வினைக்கு உதவியது.

வில்லியனூர், மேலூர், தேனி

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஹாம் ரேடியோ அல்லாமல், ஆனால் அதே வித்தையை வைத்து, ஒரு இணைப்பைப் பல ஊருக்குப் பங்கிட்ட முயற்சிகள் நம்மிடம் உண்டு.

முதலாவது புதுச்சேரி. நம் மலையில் சாமை, தினை, பனிவரகு விதைகளைக் காப்பாற்ற 1990-களிலிருந்து பாடுபட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை உங்கள் அப்பா அம்மாக்களுக்குத் தெரியும். அதே நிறுவனம்தான் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு நடு நிலையம். அங்கே தொலைபேசி வழியாக இணையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாகப் பேச்சும் தகவலும் போயின. மின்சாரம் நிற்கும் என்பதால் சூரியத் தகடும் வைத்தார்கள். இணையம் ஒரே இடத்தில். அதன் பலன் பல ஊரில். நம் பையன் கேட்டது 1998-லேயே நடந்துவிட்டது!

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கருவி அல்ல, அவர்கள் போட்ட நிபந்தனை. ஊர் வாடகையில்லாமல் இடம் கொடுக்க வேண்டும். தன்னார்வலர்கள் உள்ளூரிலிருந்தே வர வேண்டும். எந்தச் சாதிக்காரரும் ஆணும் பெண்ணும் தடையில்லாமல் உள்ளே வந்து போக வேண்டும். பெட்டி யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறதோ, அந்தத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதுதான் இணையம் யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். இதை அன்றே புரிந்துவைத்திருந்தார்கள்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படைத் தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடைசி மைல் கல்லைக் கடந்தது கணினியும் அல்ல, ரேடியோவும் அல்ல. கோயில் திருவிழாவில் பாட்டுப் போடும் அதே குழாய் ஒலிபெருக்கி. அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ ஊருக்கு 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. கடல் பொங்குகிறது என்ற எச்சரிக்கை. உடனே தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் பிழைத்தன. இணைப்பு என்றால் கம்பியும் அலையும் மட்டும் இல்லை, கண்ணுகளா. கதவைத் திறந்து சுவிட்சைப் போட அங்கே ஆள் இருந்தார்கள்.

இரண்டாவது மேலூர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அதை வைத்து 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் இணையக் கடைகள் திறந்தார்கள். வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கணக்கில் நத்தை; அன்று அதிசயம். மின்னஞ்சல் போயிற்று, அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போயிற்று. ஆனால் தனியார் கடன் வாங்கி நடத்திய கடைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடிவிட்டன. அலை நின்றதாலா? இல்லை. பழுது பார்க்க ஆள் வரத் தாமதம், வருமானம் போதவில்லை, சொல்லிக்கொடுத்த நிறுவனத்தின் ஆதரவு குறைந்தது. 1927-இல் சென்னைக் கழகத்துக்கு நடந்தது மேலூரில் மறுபடி நடந்தது.

மூன்றாவது தேனி. இதற்கு முன்னால் ஒரு சட்ட மாற்றம் வந்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட திறனுக்கு உட்பட்டு வெளியிடத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதுவரை அரசிடம் கையேந்தி நின்ற வேலை, அன்றிலிருந்து யாரும் செய்யக்கூடியதாயிற்று. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தேனி மருத்துவமனையிலிருந்து சுற்று வட்டாரக் கண் மையங்களுக்கு வைஃபையை நீட்டினார்கள். கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். பாட்டிமார்கள் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

வைஃபை வீட்டுக்குள் ஓடச் செய்த கருவி. 15 கி.மீ. ஓடுமா? இங்கே ஒரு கணக்கு. அலை ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் போகும். 15 கி.மீ. போக 50 மைக்ரோவிநாடி, 'வந்தது' என்ற பதில் திரும்ப இன்னொரு 50. வழக்கமான வைஃபை அவ்வளவு நேரம் காத்திருக்காது. தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பும். அலோஹா காலத்து அதே பிரச்சினை! பெர்க்லிக்காரர்கள் அந்தக் காத்திருப்பு முறையையே மாற்றி எழுதி ஓடவைத்தார்கள்.

அந்த ஆராய்ச்சியாளர்கள் பிறகு எழுதிய கட்டுரை ஒன்று என்னைக் கவர்ந்தது. அவர்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது அலை அல்ல, கிராமத்து மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் பெட்டிகளைச் சுட்டுத் தள்ளியது. இன்னொன்று, பிளக் கழன்றிருந்தாலும் 'ரேடியோ போச்சு' என்று நினைத்துவிடுவார்கள். எனவே உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி அந்த வலையைத் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது. அதனால் நின்றது.

மலையூர் உதாரணமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இமயத்தின் அடிவாரத்தில் தர்மசாலாவில் 2005-லேயே அதே நீலப் பெட்டிகளை மாற்றியமைத்து, பள்ளிகளும் மடங்களும் அலுவலகங்களும் சேர்ந்து சில இணைப்புகளை வலைப்பின்னலில் பங்கிட்டுக்கொண்டார்கள். சூரியத் தகடு வைத்தார்கள். குரங்கு வந்து ஆன்டெனாவில் ஊஞ்சலாடினாலும் தாங்கும்படி கம்பத்தை அமைத்தார்கள். நம் மலைக் குரங்குகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நம் மலைக்கு என்ன?

2020 ஊரடங்கில் நம் பிள்ளைகள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். சிக்னல் கிடைக்கும் பாறை எது, வளைவு எது என்று தேடி, ஒரு போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள். மழை வந்தால் வகுப்பு முடிந்தது. அதில் சிலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை; மிளகு பறிக்கவும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். இப்போது டவர் கூடியிருக்கிறது, கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் செம்மேட்டில் நாலு கோடு காட்டும் போன், மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் பொம்மை.

அந்த மேட்டைத் தாண்டத்தான் இந்த வித்தை. மேட்டின் மேல் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கேட்க எளிது. நம் மலைக்கென்று மூன்று கணக்குகள் உண்டு.

ஒன்று, மரம். அலை நூல் மாதிரி நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. நடுவில் கோவைக்காய் மாதிரிப் பருத்துப் போகும். 10 கி.மீ. தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை போனால் நடுவழியில் அந்தக் கோவைக்காயின் ஆரம் சுமார் 18 மீட்டர். அதில் நேர்கோட்டைச் சுற்றி 11 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கும் பலாவும் நடுவில் நின்றால், அதுவும் ஐப்பசி மழையில் நனைந்து நின்றால், அலையைக் குடித்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிறது என்பது போதாது.

இரண்டு, தாவல். ஒரே ரேடியோ உள்ள பெட்டிக்கு வாயும் காதும் ஒன்று. கேட்கும்போது பேச முடியாது. அதனால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்று தாவலுக்குப் பிறகு எட்டில் ஒரு பங்கு. பேச்சுக்கும் பாடத்துக்கும் விண்ணப்பத்துக்கும் போதும். ஊரே சினிமா பார்க்கப் போதாது. யாருக்கு முதலில் என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும்.

மூன்று, இடி. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மேட்டின் மேல் கம்பம் நட்டால் மின்னல் தேடி வரும். நல்ல நிலத்தொடர்பு இல்லாமல் ஒரு பெட்டியும் ஒரு பருவம் தாங்காது.

சட்டத்துக்கும் வழி இருக்கிறது. ஹாம் அலை வேண்டாம். உரிமம் தேவைப்படாத வைஃபை அலை போதும். இணைப்பைப் பிறருக்குப் பங்கிட 2020 டிசம்பரில் மத்திய அரசு 'பி.எம்.-வாணி' என்ற திட்டத்தை ஏற்றது. அதன்படி ஒரு டீக்கடையோ பெட்டிக்கடையோ, பதிவுபெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவரோடு சேர்ந்து பொது வைஃபை நடத்தலாம்; கடைக்காரருக்குத் தனி உரிமமோ கட்டணமோ இல்லை. சோளக்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மருமகப்பிள்ளை இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, பெட்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இல்லாதது ஆள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பள்ளிக்குத் தகவல் பெட்டி ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். திறந்துவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு ஃபியூஸ் போயிற்று. பழுது பார்க்கக் கீழே இருந்து ஆள் வர வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவார்? பெட்டி பீரோவுக்குள் போயிற்று. பத்து ரூபாய் ஃபியூஸ். அதை மாற்றத் தெரிந்த ஒரு பிள்ளை அன்று மலையில் இருந்திருந்தால் அது இன்னும் சில வருடம் ஓடியிருக்கும்.

இங்கேதான் ஹாம் ரேடியோ நமக்குத் தேவை. இணையம் சுமப்பதற்கு அல்ல, ஆள் உருவாக்குவதற்கு. ஆன்டெனா கட்டவும், அலை எங்கே தடுக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்கவும், மின்னலுக்குத் தற்காக்கவும், அடுத்தவர் செய்தியைத் தன் செய்தி போலப் பத்திரமாகக் கடத்தவும் பழக்கும் பள்ளிக்கூடம் அது. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். முதல் நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. கேட்பதெல்லாம் உயர்நிலைப் பள்ளி மின்னியலும் விதிமுறைகளும்தான். 'சரல் சஞ்சார்' என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். மலைச்சரிவு ஏற்பட்டுச் சாலையும் டவரும் ஒரே நாளில் போனால், உரிமம் வைத்திருக்கும் நாலு பிள்ளைகள் மேட்டுக்கு ஒருவராக நின்று நாமக்கல்லுக்குச் செய்தி சொல்லலாம். அன்று ஹாம் அலையே சட்டப்படி கைகொடுக்கும். மற்ற நாட்களில் அதே பிள்ளைகள் கடைத்தெரு வைஃபையைப் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் என் யோசனை இது. வெளியூரில் இருப்பவர்கள் பணம் திரட்டிப் பெட்டி வாங்கி அனுப்ப வேண்டாம். முதலில் மலையில் இருக்கும் பத்துப் பேர், அதில் பாதிப் பேராவது பெண் பிள்ளைகள், எல்லா நாட்டுப் பக்கத்திலிருந்தும் வரட்டும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் நான் பாடம் எடுக்கிறேன். ஓம் விதி, அலைநீளம், ஆன்டெனா, விதிமுறை. கரும்பலகையும் சாக்கட்டியும் என்னிடம் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைகள் மாதம் ஒரு தடவை வந்து சாலிடரிங் சொல்லிக்கொடுத்தால் போதும். தேர்வில் நாலு பேர் தேறிய பிறகு, எந்த மேட்டில் முதல் பெட்டி, யார் திண்ணையில் என்று ஊரோடு உட்கார்ந்து பேசலாம். எல்லோரும் ஏறக்கூடிய திண்ணையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

வர விரும்புகிறவர்கள் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் தூக்கினால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஐயா